பளபளக்கும் பழைய இழைப்புளி: வாங்கும் முன் படிங்க

புதிதாக மரவேலை பழகுகிறவர்கள் ஆன்லைனில் "புதுப்பித்த ஸ்டான்லி" (ஸ்டான்லி என்பது கம்பெனி பெயர்) என்று வரும் பழைய இழைப்புளிகளிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். நான் வாங்கியது நாலாம் நம்பர் அளவு, 3,800 ரூபாய், கூரியர் தனி. படத்தில் மின்னியது போலவே கையிலும் மின்னியது, அதில் ஒரு குறையும் இல்லை.

தேக்கில் வைத்து இழைத்தால் ஒன்று வழுக்கிக்கொண்டு போகிறது, இல்லையென்றால் நாரைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. பிளேடைச் சாணை பிடித்தும் மாற்றமில்லை. ஸ்டீல் ஸ்கேலை அடிப்பாகத்தில் நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தால் வாய்க்கு, அதாவது பிளேடு வெளியே நீட்டும் துளைக்கு, முன்னால் தாராளமான இடைவெளி! பெல்ட் சாண்டரில் (உப்புத்தாள் பட்டை ஓடும் மெஷின்) கொடுத்து, அந்த இடம் தேய்ந்துபோகும் அளவுக்கு மினுக்கியிருக்கிறார்கள். மரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டியதே அந்த இடம்தான், அது மரத்தில் படாவிட்டால் பிளேடு எவ்வளவு கூராக இருந்தாலும் நார் கிளம்பத்தான் செய்யும்.

சரி, கண்ணாடி மேல் எமரித்தாள் ஒட்டித் தேய்த்துச் சமன் செய்யலாம் என்று முதலில் தின்னர் போட்டுத் துடைத்தேன். பக்கவாட்டில் வெள்ளிப் பெயிண்ட் கரைந்தது, அடியில் பட்டி, அதையும் சுரண்டினால் வாயின் மூலையிலிருந்து மேலேறும் விரிசல். விற்றவரைக் கூப்பிட்டால், "பழைய சாமான்னா அப்படித்தாண்ணா இருக்கும், ஒரு வெல்டு வச்சுக்கோங்க" என்கிறார். வார்ப்பிரும்பை முன்னாடியே சூடாக்காமல் வெல்டு வைத்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இந்த மாதிரி இழைப்புளிகளில் பெயிண்ட் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும், அடியும் பக்கவாட்டும் வெறும் இரும்பு. அங்கே பெயிண்ட் தெரிந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே வையுங்கள். வாயின் இரண்டு மூலைகளையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஸ்கேல் வைத்து வெளிச்சத்தில் ஒரு படமும் கேளுங்கள். நேரில் வாங்கினால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இழைப்புளியின் வெறும் இரும்பு உடம்பை விரலில் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும், சத்தம் செத்துப்போய் வந்தால் விரிசலாக இருக்கலாம். பிளேடு எவ்வளவு மிச்சம் என்பதையும் பாருங்கள், சாணை பிடித்தே தீர்ந்துபோனதை மாட்டி அனுப்புகிறார்கள்.

அதே ஆள் இப்போது "தொடக்கக்காரர் செட்" என்று மூன்றாகச் சேர்த்து விற்கிறார். ஆரம்பத்தில் மூன்று எதற்கு? 14 அங்குல ஐந்தாம் நம்பர் ஒன்று இருந்தாலே நிறைய வேலை நடக்கும், துருப்பிடித்திருந்தாலும் பெயிண்ட் அடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.