கொழிஞ்சாம்பாறை வெயிலில் ஓவர்கிளாக்: எந்தக் கூலர்?

2011 ஜனவரியில் வந்த இண்டெல் ஐ5-2500கே என்ற கணினி சிப் இன்றைக்கும் வீடியோ வெட்டி ஒட்டத் தாங்கும். அதன் வேகத்தைக் கூட்டி, அதாவது ஓவர்கிளாக் செய்து, இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்பவர்களுக்கு, அப்போது ஏறும் சூட்டைத் தணிக்க மூன்று வழிகள்: சிப்பின் பெட்டியோடு வந்த கூலர், உயரமான உலோக இதழ் அடுக்கில் ஃபேன் மாட்டிய டவர் கூலர், தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் லிக்விட் கூலர்.

மூன்றில் எதுவும் அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்காது. மூணாறில் இருப்பவர் 4.5 கிகாஹெர்ட்ஸ் வைத்தேன் என்றால் அதை அப்படியே பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வைக்கக்கூடாது. ஏப்ரலில் இங்கே 40 டிகிரியைத் தொடுகிறது. மூணாறில் 65இல் நிற்கும் சிப் இங்கே 80ஐத் தாண்டிவிடும்.

பெட்டிக் கூலர் 3.3 கிகாஹெர்ட்ஸ், 95 வாட் கணக்குக்குச் செய்தது. சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கி 4.4க்குப் போனால் சூடு ஏறக்குறைய 1.7 மடங்கு. அந்தச் சின்ன அலுமினியத் துண்டு இதைத் தாங்காது. அந்தக் கூலரை வைத்துக்கொண்டு ஓவர்கிளாக் வேண்டவே வேண்டாம்.

லிக்விட் கூலர் பார்க்க அழகு. ஆனால் தண்ணீரின் சூட்டை வெளியே விடும் ரேடியேட்டர் 120 மிமீ என்றால், அது நல்ல டவர் கூலரைவிடப் பெரிதாக ஒன்றும் ஜெயிக்காது. பம்ப் நின்றால் வேலை முடிந்தது. பெரும்பாலானவற்றில் தண்ணீரைத் திரும்ப நிரப்பவும் முடியாது. அப்புறம் நம் தூசி. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காய்ந்த கிழக்குக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. ரேடியேட்டரின் நெருக்கமான இதழ்களில் அது அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

என் ஓட்டு டவர் கூலருக்குத்தான். ஹைப்பர் 212 மாதிரி ஒன்று, 120 மிமீ ஃபேனோடு. ஃபேன் போனால் கோவையில் வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஹீட்சிங்க் என்ற உலோகப் பகுதி அப்படியே இருக்கும். ஒரே சங்கடம் உயரம்: ஏறக்குறைய 16 செமீ. ஒல்லியான கேபினெட்டின் கதவு மூடாது, அளந்துவிட்டு வாங்குங்கள். சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் உள்ள பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவுங்கள்.

சிப்பை மாட்டும் மதர்போர்டு பி67, இசட்68, இசட்77 வகையாக இருக்க வேண்டும். எச்61 வகை என்றால், சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்ணான மல்டிபிளையரை ஏற்ற வழியில்லை, கூலர் செலவே வீண்.

இந்த ஊருக்கு 4.2 கிகாஹெர்ட்ஸ் போதும், 1.3 வோல்ட்டுக்குள். சோதனையை மார்கழி ராத்திரியில் செய்யாதீர்கள். சித்திரை மதியம் சிப்புக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளை ஒரு மணி நேரம் ஓட்டி, சிப்பின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் மென்பொருளில் பாருங்கள். 98 டிகிரியில் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும் அதுவரை விட வேண்டாம். 80ஐத் தாண்டினாலே நிறுத்தி, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் மல்டிபிளையரை ஒரு படி இறக்கி, வோல்டேஜையும் அதற்கேற்பக் குறையுங்கள்.