அன்கியில் மூன்று வருடம்: ஒரு ‘மாய்’யும் இன்னொரு ‘மாய்’யும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வேலை எனக்கு. சீன ஆண்டிமாரிடம் மலாயில் சமாளிக்கலாம்தான். ஆனால் மாண்டரினில் நாலு வார்த்தை பேசினால் வியாபாரமே வேறு. அதற்காக அன்கி செயலியைப் போட்டேன். சொற்களை அட்டைகளாகக் காட்டிக் கேட்கும்; நினைவிருந்தால், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்த் திரும்பக் கேட்கும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனுக்குக் காசு.

அன்கி தானாக ஒரு நாளைக்கு 20 புது அட்டை தரும். நானும் ஆசைப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். தீபாவளி நெருக்கடியில் பத்து நாள் திறக்கவில்லை. திரும்பி வந்தால் மலைபோல் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தீர்த்தேன், புதன்கிழமைக்குள் பாதி மறந்துபோனது. நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் இதை 1885-லேயே எழுதி வைத்துவிட்டார்: 12 அர்த்தமற்ற அசைகள் கொண்ட வரிசைக்கு ஒரே நாளில் 68 தடவை படித்த பலன், மூன்று நாளாகப் பிரித்தபோது 38 தடவையிலேயே கிடைத்ததாம். இப்போது தினம் ஏழு அட்டைதான். சாயங்காலம் பட்டர்வொர்த் ஃபெரியில் புதியவை, காலை ஃபெரியில் பழையவை.

எப்போது கேட்பது என்பதில் அன்கி கெட்டி. எதை எதோடு சேர்த்துப் படிக்கக்கூடாது என்பது அதற்குத் தெரியாது. என் பாடநூலும் மோசம், எதிர்ச்சொற்களை ஜோடியாகவே தரும். ‘வாங்கு’, ‘விற்பனை செய்’ இரண்டுமே ‘மாய்’. முதலாவதில் குரல் தாழ்ந்து ஏறும், அடுத்ததில் சட்டென்று விழும். ஒரே நாளில் இரண்டையும் படித்தேன். ஒரு ஆண்டி பட்டுச் சட்டைத்துணி கேட்டார். “நாங்கள் அதை விற்பதில்லை” என்பதற்கு “வாங்குவதில்லை” என்றேன். “நான் விற்க வரவில்லையே, தம்பி!” என்று சிரித்தார்.

அப்புறம் ‘விற்பனை’ அட்டையை நிறுத்தி வைத்தேன். இடைவெளி 21 நாளை எட்டிய அட்டையை அன்கி முதிர்ந்தது என்று கணக்கு வைக்கிறது. ‘வாங்கு’ அதை எட்டிய பிறகுதான் மற்றதை உள்ளே விட்டேன். குழப்பம் போய்விட்டது. இடது, வலதுக்கும் அதே வைத்தியம்.

நாலு என்ற ‘ஸி’யும் பத்து என்ற ‘ஷி’யும் மட்டும் அடங்கவில்லை. இந்த வைத்தியம் தெரிவதற்கு முன்பே ஒன்றாகப் படித்துத் தொலைத்தவை அவை. நாற்பது ‘ஸி-ஷி’, பதினாலு ‘ஷி-ஸி’. 40 ரிங்கிட் துணிக்கு 14 என்று சொன்ன நாளிலிருந்து, விலையை மட்டும் கால்குலேட்டரில் தட்டிக் காட்டிவிடுகிறேன்.