ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கொமியூனிகேஷனும் எங்கள் வேட்புமனுவும்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கொமியூனிகேஷன் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று 2025 மார்ச்சிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போட்டோ கொப்பி, டைப்பிங், லெமினேட்டிங், ரீலோட், பலகையில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் எங்கள் சுயேச்சைக் குழுவின் வேட்புமனு தள்ளுபடியாகாமல் நின்றது அங்கே உட்கார்ந்திருக்கும் அக்காவால்தான், அதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

மூன்று தோட்ட டிவிஷன் ஆட்கள் சேர்ந்து பிரதேச சபைத் தேர்தலில் கேட்பது என்று முடிவானதும், கட்சியாகவே பதிந்துவிடலாம் என்று ஒரு யாப்பை, அதாவது கட்சியின் அமைப்பு விதிகளை, எழுதிக்கொண்டு ஜனவரியில் டைப் அடிக்கப் போனோம். இரண்டு பக்கம் அடித்துவிட்டு அக்கா நிறுத்தினார். "தம்பி, உங்க அமைப்பு எத்தனை வருசமா இயங்குது?" ஒன்றரை வருடம் என்றோம். தேர்தல் ஆணைக்குழுவின் அறிவித்தலைத் தேடி எடுத்து, திரையை எங்கள் பக்கம் திருப்பி, வரிவரியாக வாசித்துக் காட்டினார். 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படிதான் கட்சிகளை அங்கீகரிக்கிறார்கள், அதற்கு வருடா வருடம் ஜனவரியில் விண்ணப்பம் கேட்கிறார்கள். குறைந்தது 4 வருடம் தொடர்ந்து அரசியல் வேலை செய்திருக்க வேண்டும். யாப்பு, பதவி வகிப்பவர்களின் பட்டியல், அதில் ஒரு பெண்ணாவது, கணக்காய்வு செய்த கணக்குகள், கொள்கைப் பிரகடனம் எல்லாம் வேண்டும். எங்கள் கையில் இருந்தது யாப்பு ஒன்றுதான். மிச்சப் பக்கங்களையும் அடித்துக் கொடுத்திருந்தால் அவருக்கு வருமானம், எங்களுக்கும் விஷயம் தெரிந்திருக்காது. அடித்த இரண்டு பக்கத்துக்கு மட்டும் காசு எடுத்தார்.

சரி, சுயேச்சையாகவே கேட்போம் என்று மார்ச்சில் திரும்பவும் அங்கேதான் போனோம். கட்சிக்காரருக்கு ஒரு வேட்பாளருக்குக் கட்டுப்பணம் (தேர்தல் வைப்புத்தொகை) 1,500 ரூபாய், சுயேச்சைக்கு 5,000. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சேவல் சின்னத்தைப் பார்த்தே வளர்ந்த லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வேட்புமனு ஏற்ற பிறகு கிடைக்கும் ஒரு புதுச் சின்னத்தைக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். அதெல்லாம் எங்கள் பாடு.

அக்காவின் பாடு கடுதாசி. மலையகத்தில் பிறப்புச் சான்றிதழ் எப்படி இருக்கும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சான்றிதழில் ராமையா, அடையாள அட்டையில் இராமய்யா, தோட்டப் பதிவில் வேறு ஒன்று. ஒவ்வொருவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெயர் மாறியிருந்த மூன்று பேரைச் சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) முடிக்கச் சமாதான நீதவானிடம் அனுப்பினார். இளைஞர் ஒதுக்கீட்டில் வரும் வேட்பாளர்களுக்குப் போட்டோ கொப்பி போதும் என்று டவுனில் வேறு ஒரு கடையில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இவர் கேட்கவே இல்லை, பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுத்துக்கொண்டு வந்தால்தான் கட்டுவேன் என்று ஃபைலை மேசைக்குள் வைத்துவிட்டார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. மார்ச் 20 பகல் 12 மணியோடு வேட்புமனு முடிகிறது, நாங்கள் நுவரெலியாவுக்குப் பஸ் ஏற வேண்டும். அப்புறம் பார்த்தால், பிறப்புச் சான்றிதழ் பிரதி சரியில்லை என்று நாடு முழுக்கப் பல பட்டியல்கள் தள்ளுபடியாகி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. எங்களுடையது ஏற்கப்பட்டது.

1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் மலையகத்தில் ஆசனங்கள் எடுத்தது, அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குக் கடுதாசி காட்ட முடியாமல் வாக்கு இழந்தவர்களில் என் பாட்டனும் ஒருவர். அதனால் ஒரு கடைக்காரர் எங்கள் கடுதாசியை இவ்வளவு பொறுமையாகப் பார்த்தது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

குறையும் இருக்கிறது. ஒரே ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் வேலை நின்றுவிடும். உட்கார இடம் கிடையாது, மழைக்கு வாசலில்தான் நிற்க வேண்டும். சிங்கள டைப்பிங்குக்கு ஒரு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். விலை டவுனில் மற்றக் கடைகளைப் போலத்தான், ஆனால் தன் பிழையால் திரும்ப அடித்த பக்கத்துக்குக் காசு கேட்கமாட்டார்.

போவதென்றால் காலை 9 மணிக்கே போய்விடுங்கள். சம்பளம் போட்ட அடுத்த இரண்டு நாளும் வேண்டாம், ரீலோட் போட வருகிறவர்களின் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். மூல ஆவணங்களையே கொண்டுபோங்கள், போனில் எடுத்த படத்தை அக்கா பார்க்கவே மாட்டார்.