தீபாவளிக்கு முன்னா, பின்னா?

காப்பகத்திலிருந்து நாய் எடுப்பது என்று முடிவாகிவிட்டது. தீபாவளி லீவிலேயே எடுப்பதா, பண்டிகை முடியட்டும் என்று பொறுப்பதா?

லீவில் எடுப்பதில் ஒரு வசதி, வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். மற்றதெல்லாம் சிக்கல். தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. தெருவில் யார் கேட்கிறார்கள்? வீடு புதிது, ஆட்கள் புதிது, அப்புறம் சரவெடி வேறு. நம்மைவிடக் கூர்மையான காது அதற்கு. கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டு, வைத்த சோற்றைத் தொடாமல் கிடக்கும். யாராவது பலகாரத் தட்டோடு கதவைத் திறந்தால் போதும், ஓட்டம்தான். திரும்பி வர அதற்கு வழி தெரியாது. விருந்தாளிகள் ஆசையாக நீட்டும் சாக்லேட்டும், கேசரியில் போட்ட உலர்திராட்சையும் நாய்க்கு விஷம்.

பின்னால் எடுத்தால் வீடு தன் வழக்கத்தில் இருக்கும். நாய் பார்க்கும் முதல் வாரமே அதன் நிஜ வாழ்க்கை. பகலில் தனிமை என்பது குறைதான். வெள்ளிக்கிழமை மாலை கூட்டிவந்து, திங்களன்று ஒருவராவது லீவு போட்டால் சமாளிக்கலாம். சென்னையில் அது மழைக்காலம் வேறு. காலை ஆறு மணிக்குக் குடையோடு நாயை நடத்திப்போக வீட்டில் யார் தயார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

என் ஓட்டு பின்னால் எடுப்பதற்கே. காத்திருக்கும் நாட்களில் காப்பகத்துக்கு இரண்டு தடவை போய்வாருங்கள். தடுப்பூசி, கருத்தடை விவரங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாய் வளர்க்க வாங்கும் மாநகராட்சி உரிமத்துக்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும்.