கொழுப்பு மாத்திரைக்கு நான் போகிற களியக்காவிளைக் கடை

களியக்காவிளையில் மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை. நாலு எட்டு வைத்தால் கேரளம், அங்கேயும் வரிசையாகக் கடைகள். இருந்தும் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு நான் ஒரே கடைக்குத்தான் போகிறேன். குறையும் சொல்லப் போவதால் கடைப் பெயரை விட்டுவிடுகிறேன். வாசலில் எடை பார்க்கும் மிஷின் நிற்கிற சின்னக் கடை என்பது போதும்.

எனக்கு ரப்பர் பால் வெட்டுதான் பிழைப்பு. பளுகல் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் மரம் நிற்கிறது. சர்க்கரை உண்டு, அப்பா மாரடைப்பில் போனவர். ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 168 என்று வந்ததும், திருவனந்தபுரத்து டாக்டர் அட்டோர்வாஸ்டாடின் 20 மில்லிகிராம் எழுதினார். தேங்காய் எண்ணெயைக் குறைக்கவும் சொன்னார். அதில் பத்தில் ஒன்பது பங்கு, கெட்ட கொழுப்பை ஏற்றுகிற நிறைகொழுப்பாம். அந்த எண்ணெயில் பொரிக்கிற ஏத்தங்காய் சிப்ஸ் வாசனை இல்லாமல் இந்த ஊரில் பஸ் ஏற முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைக்கு வருவோம். டாக்டர் கம்பெனிப் பெயரைத்தான் சீட்டில் எழுதியிருந்தார். கவுன்டரில் இருந்த மருந்தாளுநர் கேரளத்துப் பாறசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். சீட்டைப் படித்துவிட்டு, "மாமா, இந்தக் கம்பெனி இங்கே இல்லை. வேறே கம்பெனியில் அதே மருந்து இருக்கு. ஆனா டாக்டர் எழுதாம நான் மாத்தித் தரக்கூடாது" என்றாள். அடுத்த முறை மருந்தின் பெயரையே பெரிய எழுத்தில் எழுதி வாங்கி வரச் சொன்னாள். அன்று வந்த வியாபாரத்தை விட்டுக்கொடுத்தாள். 'எல்லாம் ஒன்றுதான்' என்று எதையாவது நீட்டுகிற கடைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதுசு. இப்போது சீட்டில் மருந்துப் பெயர் இருக்கிறது, எல்லைக்கு எந்தப் பக்கமும் வாங்கலாம். இது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. அதனால் தள்ளுபடி போர்டு பார்த்து நான் அலைவதில்லை.

இந்த மாத்திரையை ராத்திரிதான் போட வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். விடியுமுன் வெட்டுக்குப் போகிறவன் நான், சாயங்காலமே கண் சொக்கும். அவளிடம் கேட்டேன். ராத்திரிக் கணக்கு சிம்வாஸ்டாடின் மாதிரி சீக்கிரம் உடம்பைவிட்டுப் போகிற மருந்துக்கு, அட்டோர்வாஸ்டாடின் நெடுநேரம் நிற்கும், தினமும் ஒரே நேரம் என்றால் போதும் என்றாள். டாக்டரும் ஆமாம் என்றார். இப்போது காலையில் பால் விடாத கட்டன்சாயாவோடு போய்விடுகிறது.

அப்புறம் தொடை வலி. அட்டோர்வாஸ்டாடின் சேர்ந்த ஸ்டாடின் வகை மருந்து போட்டால் தசை வலிக்கும் என்று யாரோ கிளப்பிவிட, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாத்திரையையே நிறுத்திவிட்டார். மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிறவனுக்குத் தொடை வலி அதிசயமா? இதையும் கவுன்டரில் கேட்டேன். ரெண்டு தொடையும் ஒரே மாதிரி வலிக்கிறதா, வேலை இல்லாத நாளிலும் வலிக்கிறதா என்று விசாரித்தாள். அப்படி என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், தசை சேதத்தைக் காட்டுகிற சிகே என்றொரு ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஆனால் அது வெகு அபூர்வம் என்றாள். எனக்கு மழை பிடித்து வெட்டு நின்றபோது வலியும் நின்றது. மாத்திரையை நான் விடவே இல்லை. குற்றவாளி மரம்தான்.

இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நீள நோட்டு. மாதாமாதம் வாங்குகிறவர்களின் பெயர், மருந்து, தீருகிற தேதி எல்லாம் அதில் இருக்கும். மருந்து போடுகிற காகிதக் கவரிலும் அந்தத் தேதியைப் பேனாவால் எழுதி வட்டம் போட்டுத் தருவாள். வராவிட்டால் போன் வரும். கொழுப்பு மாத்திரை நிறுத்தினால் உடம்பில் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. ரிப்போர்ட் நார்மல் என்றதும் விட்டுவிடுகிறார்கள், சில வாரத்தில் எல்டிஎல் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. போன் பண்ணுகிற கடை வேறு எங்கே இருக்கிறது?

குறை இல்லாமல் இல்லை. முதலாளி உட்கார்ந்தால் அட்டையை வெட்டித் தருவார். காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் அவர் டப்பாவிலேயே தங்கிவிடும், நம் கைக்கு வருவது வெறும் வெள்ளித் தகடு. முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இன்னொன்று, கண்ணாடி அலமாரியில் முன்வரிசையை ஒரு பூண்டு லேகியம் பிடித்திருக்கிறது. ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்குமாம். "இங்கிலீஷ் ரசாயனம் எதுக்கு அண்ணாச்சி?" என்று முதலாளியே என்னிடம் எடுத்து நீட்டினார். சீட்டு மருந்து விற்கிற கையாலேயே இதையும் விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் ஸ்டாடினை 1970களில் ஜப்பானின் அகிரா எண்டோ கண்டுபிடித்ததே ஒரு பூஞ்சையிலிருந்துதான். மழைக்காலத்தில் நம் ரப்பர் ஷீட்டில் படருகிறதே, அந்த மாதிரிச் சாதி. நான் போடுகிற மாத்திரை ஆய்வுக்கூடத்தில் செய்தது என்பது உண்மை, ஆனால் வேலை அதே வேலை. கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதைக் குறைக்கும், அப்போது கல்லீரல் ரத்தத்திலிருக்கிற எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு இந்த அட்டோர்வாஸ்டாடினையும்தான் கொடுக்கிறார்கள். லேகியத்தை இல்லை.

எனக்கு 168 இறங்கி 92 ஆனது. சர்க்கரை இருப்பதால் 70க்குக் கீழே வேண்டும் என்றார் டாக்டர். அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக ஆறு சதவீதம்தான் இறங்கும் என்று சொல்லி, எசெட்டிமைப் 10 சேர்த்தார். குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கிற மாத்திரை அது. இப்போது எழுபதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இரண்டும் சேர்ந்த மாத்திரை இந்தக் கடையில் எப்போதும் இருக்காது, முந்தின நாளே போனில் சொல்லிவிட வேண்டும்.

மதியம் ஷட்டர் பாதி இறங்கிவிடும், ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடையாது. முக்கியமாக ஒன்று. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் பாறசாலை பஸ் ஓடாது, அந்தப் பெண் வரமாட்டாள். முதலாளி மட்டும் லேகியத்தோடு உட்கார்ந்திருப்பார். ஹர்த்தால் செய்தி காதில் விழுந்தால் முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.