கும்பகோணத்தில் வாங்கிய பல்லாங்குழிப் பலகை

என் ஒன்பது வயது மகளுக்குப் பல்லாங்குழி ஏற்கெனவே தெரியும். கைப்பேசிச் செயலியில் கற்றவள். கோடை விடுமுறையில், மகாமகக் குளத்துக்கு அருகில் மரச்சாமான் விற்கும் கடையொன்றில், நடுவில் மடிக்கக்கூடிய பலகையை 850 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு மாதம் வீட்டில் புழங்கிய பிறகே இதை எழுதுகிறேன்.

வரிசைக்கு 7 வீதம் 14 குழிகள். மரம் கனமானது, விளிம்பில் சிராய் இல்லை. குறை குழிகளின் ஆழத்தில்தான் இருக்கிறது. குழிக்கு 5 என 70 காய்களோடு தொடங்கும்போது அது தெரிவதில்லை. ஆட்டம் முற்றி ஒரே குழியில் பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும், மேலே நிற்கும் காய் பக்கத்துக் குழிக்கு உருண்டு, அது யாருடையது என்று வழக்கு வந்துவிடுகிறது. உடன் தந்த சோழிகள், அசல் என்று கடைக்காரர் சொன்னபோதிலும், பிளாஸ்டிக். அவற்றை ஒதுக்கிவிட்டு, என் அம்மா சேர்த்துவைத்திருந்த புளியங்கொட்டைகளைக் கழுவிப் போட்டோம்.

செயலியில் குழியைத் தொட்டால் போதும், காய்கள் தாமே பிரிந்து விழுகின்றன. ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தவுடன், பசு எனப்படும் அந்த நான்கையும் அதுவே குழிக்கு உரியவர் கணக்கில் சேர்த்துவிடுகிறது. பலகையிலோ, எதிராளியின் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே நம் பக்கத்துக் குழியில் நான்கு சேர்வதைக் கண்டு எடுத்துவிட வேண்டும். அசந்தால் அடுத்த காய் விழுந்து ஐந்தாகிவிடும். முதல் நாள் மகள் இப்படி இரண்டு பசுக்களை விட்டாள். “எந்தக் குழிய எடுத்தா ஜெயிக்கலாம்னு இது காட்டாதா, அப்பாயி?” என்று கேட்டாள். “எண்ணிப் பாருடி, தெரியும்” என்றார் அம்மா. தொட்ட குழியை ஆடியே தீர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டமாதலால், இப்போது விரல் வைக்காமல் கண்ணாலேயே ஏழா எட்டா என்று சொல்கிறாள்.

வெற்றுக்குழியைத் துடைத்து அடுத்த குழியை அள்ளும் விதியை அவளுக்குக் கற்றுத்தந்தது செயலிதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். நானோ அம்மாவோ அதற்குமுன் அவளோடு உட்காரவில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதத்தோடு பல்லாங்குழியும் விடிய விடிய நடந்த எங்கள் வீட்டுத் திண்ணையை இடித்து, கார் நிறுத்த இடம் செய்ததும் நான்தான்.

வாங்குவோர் கடையிலேயே ஒரு குழியில் 12 புளியங்கொட்டைகளை நிரப்பி, விரல் நுனியால் ஒரே வழிப்பில் வருகின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது. கீல் ஒரு மாதத்திலேயே ஆடத் தொடங்கிவிட்டது; திருகாணிகளை மாற்ற 20 ரூபாய் ஆயிற்று.