போன் (bone) கண்டக்‌ஷன்னு சொல்லி சாதா ஸ்பீக்கரைத் தலையில கட்டிட்டாங்க

ஆத்திரத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. ஓட்டத்துக்கோ ஜிம்முக்கோ ஹெட்போன் தேடிட்டு இருக்கீங்கன்னா, காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. மூணு ஜோடி பட்ஜெட் இயர்பட்ஸ் வாங்குற காசு எனக்குப் போச்சு.

விலை குறைஞ்ச வயர்லெஸ் இயர்பட்ஸ் என்கிட்ட ஏற்கெனவே இருக்கு. உக்காந்து கேட்டா குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஓடினாத்தான் தொல்லை. ரப்பர் முனை காதை அடைச்சுக்கிறதால ஒவ்வொரு காலடியும் மண்டைக்குள்ள தொம் தொம்னு இடிக்கும். வியர்த்தா ஒரு பக்கம் வழுக்கி விழும். பின்னாடி வர்ற வண்டி ஹாரனும் கேட்காது. அதான் போன் கண்டக்‌ஷன் (எலும்பு வழியாச் சத்தம் கடத்துற ஹெட்போன்) பக்கம் போனேன். அது காதுக்குள்ள போகாது. காதுக்கு முன்னாடி கன்ன எலும்பு மேல உக்காந்து அதிரும், அந்த அதிர்வு செவிப்பறை வழியா சுத்தாம எலும்பு வழியாவே உள்காதுக்குப் போயிடும். ரோட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.

விளையாட்டுச் சாமான் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. சாட்ல வந்த ஆள் கேட்ட முதல் கேள்வியே, "சார், கண்ணாடி போடுவீங்களா? ஹெல்மெட் போட்டு சைக்கிள் ஓட்டுவீங்களா?" அங்கதான் மனசு சாஞ்சது. கண்ணாடிக் காம்பும் ஹெட்போன் வளைவும் காது மேல ஒண்ணோட ஒண்ணு முட்டும்னு தெரிஞ்சவர் ஆச்சே! அதோட விட்டாரா? "பேஸ், அந்த தொம்னு வர்ற அடிச்சத்தம், கம்மியாத்தான் இருக்கும் சார், அதை எதிர்பார்த்து வாங்காதீங்க"ன்னு குறையையும் அவரே சொன்னார். விக்கிறவரே குறையைச் சொன்னா யாருக்குத்தான் நம்பத் தோணாது? கடைசியா, "ஐபிஎக்ஸ்8 சார், தண்ணிக்குள்ள முக்கினாலும் தாங்கும், நீச்சல் அடிச்சுக்கிட்டே ப்ளூடூத்ல பாட்டு கேளுங்க"ன்னார். கட்டிட்டேன்.

வந்துச்சு, பாடுச்சு. அவர் சொன்னதை விட பேஸ் நல்லாவே இருந்துச்சு. சத்தத்தைக் கூட்டினாலும் கன்னத்துல கூச்சம் இல்ல. தரமான பொருள்னு நாலு பேர்கிட்ட பெருமை வேற பேசியாச்சு. கொஞ்ச நாள்ல வியர்வைக்கே ஒரு பக்கம் செத்துப்போச்சு. ரிப்பேர் கடைக்காரர் திறக்கவே இல்ல. ஓடுற பக்கத்தை மாட்டச் சொல்லி, "காதை விரலால அடைங்க"ன்னார். அடைச்சேன். பாட்டு மங்கிப்போச்சு. நிஜ போன் கண்டக்‌ஷன்னா காதை அடைக்கும்போது சத்தம் கூடணுமாம். இதுல காதைப் பார்த்த மாதிரி ஒரு ஓட்டை, அதுக்குள்ள குட்டி ஸ்பீக்கர். அவ்வளவுதான் சரக்கு.

இனிமேதான் வயித்தெரிச்சல். கடைக்கு எழுதினா, "தண்ணி பட்டிருக்கு சார், வாரண்டியில வராது." நீச்சல் அடிக்கலாம்னு சொன்ன பொருளுங்க இது! விரல் சோதனையைச் சொன்னேன். "ஒவ்வொருத்தருக்கும் எலும்பு அடர்த்தி மாறும் சார்." என் எலும்பு மேலயே பழி. வீடியோ கேட்டாங்க, அனுப்பினேன். தெளிவா இல்லைன்னாங்க, மறுபடி அனுப்பினேன். ரிட்டர்ன் தேதி முடிஞ்சிடுச்சாம். மேலிடத்துக்கு அனுப்பியாச்சாம். இன்னிக்குக் காலைல, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?"னு மெசேஜ். மூணு ஜோடி இயர்பட்ஸ் காசை முழுங்கிட்டு நட்சத்திரம் கேட்கிறாங்க.

எதை எப்படிப் பார்த்து வாங்குறதுன்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. பார்சல் வந்த அன்னிக்கே காதை அடைச்சுப் பாருங்க, சத்தம் குறைஞ்சா அன்னிக்கே திருப்பி அனுப்புங்க. ஐபிஎக்ஸ்4-னா தெறிக்கிற தண்ணிக்கு மட்டும்தான். ப்ளூடூத் தண்ணிக்குள்ள போகாது; நீச்சலுக்கு வேணும்னா பாட்டை ஏத்தி வைக்க உள்ளேயே மெமரி இருக்கணும், அது இல்லாம நீச்சல் நீச்சல்னு பேசினா சாட்டை மூடிடுங்க. பின்னாடி வண்டி வராத ஜிம் டிரெட்மில்லுக்கு மட்டும்னா, அந்த தொம் தொம்மைப் பொறுத்துக்க முடிஞ்சா பட்ஜெட் இயர்பட்ஸே போதும், மூணு மடங்கு கொடுக்க வேண்டாம்.

காசு கட்டுறதுக்கு முன்னாடி விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. இப்பப் போய்ப் பார்த்தா அதே படம், அதே விலை, போன் கண்டக்‌ஷன்ங்கிற பேரை மட்டும் தூக்கிட்டு 'ஓப்பன் இயர்'னு (காதை அடைக்காதுன்னு மட்டும்தான் அர்த்தம்) போட்டிருக்காங்க. சாட் என்கிட்ட இருக்கு. அதை வச்சு வங்கியில பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக்கிட்டு இருக்கேன்.